வெளிநாட்டில் ஒரு நாள் ரயில் பயணம்: திரும்பி வரும் ரயிலில் இருந்து திட்டம் போடுங்கள்

வெளிநாட்டு நகரம் ஒன்றில் நாலைந்து நாள் தங்கும்போது, அதில் ஒரு நாளைப் பக்கத்து ஊருக்கு ஒதுக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. பெட்டி தூக்க வேண்டாம், ஓட்டல் மாற வேண்டாம், காலையில் ரயில் ஏறி ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். பெரும்பாலோர் காலை ரயிலைத் தேடி எடுத்து டிக்கெட்டும் போட்டுவிட்டு, திரும்புவதை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போகிற ரயிலைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் போகும். திரும்புகிற கடைசி ரயிலைத் தவறவிட்டால், தெரியாத ஊரில் ராத்தங்கல்.

அதனால் திட்டம் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முதலில் கடைசி ரயில், பிறகு நாம் உண்மையில் ஏறப்போகும் ரயில், பிறகு ஊரில் இருக்கும் நேரம், அதற்கேற்ற காலை ரயில், எல்லாம் முடிந்த பிறகு டிக்கெட். இந்த வரிசையை மாற்றாமல் இருந்தாலே பாதிக் குழப்பம் வராது.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

ஒரு வழிக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம் வரை உள்ள ஊர் என்றால் நிம்மதியாகப் போய் வரலாம். இரண்டு மணி நேரம் என்பது மேல் எல்லை. அதற்கு மேல் போனால் ஊரைப் பார்ப்பதைவிட ஜன்னலைப் பார்ப்பதே அதிகமாகிவிடும்.

ரயில் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். தங்கும் இடத்து வாசலில் இருந்து, பார்க்கப்போகும் இடத்து வாசல் வரை கூட்டுங்கள். ஒரு மணி நேர ரயில் என்றால், ஸ்டேஷனுக்குப் போக அரை மணி, முன்கூட்டியே போய் நிற்க 15 நிமிடம், ரயிலில் 60 நிமிடம், இறங்கி நடக்க 20 நிமிடம். ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது, போக வர நாலு மணிக்கு மேல். ஊரில் இருக்கும் நேரம் இந்தக் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக வந்தால், அந்த ஊரை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

நேர் ரயில் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. ஓர் இடத்தில் மாறலாம். இரண்டு இடத்தில் மாற வேண்டிய ஊர் ஒரு நாளுக்கு ஒத்துவராது. போக வர நாலு மாற்றம்; அதில் ஒன்று பிசகினாலும் நாள் போச்சு.

எந்த நாளில் போகிறீர்கள் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். வெர்சாய் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகவே பாரிஸில் இருப்பவர்கள் செவ்வாயன்று லூவரை விட்டுவிட்டு வெர்சாய்க்குக் கிளம்புவார்கள், அன்று அங்கே கூட்டம் நெரியும். ஓவியர் மோனே வாழ்ந்த ழிவெர்னி தோட்டம் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரைதான் திறந்திருக்கும். டிசம்பரில் அதற்குப் பக்கத்து ஸ்டேஷனான வெர்னோன் வரை ரயில் ஓடும், போய்ப் பார்க்கத் தோட்டம் திறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறையும், பாதை பராமரிப்பு வேலையும் அன்றுதான் அதிகம் நடக்கும். பிரிட்டனில் இது மிகவும் சகஜம்: ரயிலுக்குப் பதிலாகப் பஸ் ஓடும், ஒரு மணி நேரப் பாதை இரண்டு மணி நேரமாகும்.

எந்த ஸ்டேஷன் என்பதில் ஏமாறாமல் இருக்க

இந்த ஒரு விஷயத்துக்குக் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்குங்கள். கிளம்பும் நகரத்தில் பல ஸ்டேஷன்கள் இருக்கும், போகும் ஊரிலும் ஒன்றுக்கு மேல் இருக்கலாம்.

லண்டனில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு பெரிய ஸ்டேஷன் உண்டு. பாத் ஊருக்குப் பேடிங்டன், சாலிஸ்பரிக்கு வாட்டர்லூ. கேம்பிரிட்ஜுக்குக் கிங்ஸ் கிராஸ், லிவர்பூல் ஸ்ட்ரீட் இரண்டிலிருந்தும் ரயில் உண்டு. கிங்ஸ் கிராஸ் விரைவு ரயில் சுமார் 50 நிமிடத்தில் போய்விடும், மற்றது அதிக நேரம் எடுக்கும். வின்ட்சருக்கு வாட்டர்லூவில் ஏறினால் நேராக ஒரு ஸ்டேஷனில் இறங்கலாம். பேடிங்டனில் ஏறினால் ஸ்லவ் என்ற இடத்தில் மாறி ஊரின் வேறு ஸ்டேஷனில் இறங்குவீர்கள். இரண்டுமே கோட்டைக்கு அருகில்தான் என்பதால் போகும்போது தொந்தரவு இல்லை. திரும்பும்போது வேறு ஸ்டேஷனுக்குப் போய் நின்றால்தான் தொந்தரவு, டிக்கெட் அந்தப் பாதைக்குச் செல்லாமல் போகலாம்.

ஜப்பானில் கியோட்டோவில் இருந்து நாராவுக்கு இரண்டு நிறுவனங்கள் ரயில் விடுகின்றன: ஜேஆர் (ஜப்பான் ரயில்வேஸ்), கின்டெட்சு. ஜேஆர் விரைவு ரயில் சுமார் 45 நிமிடம். கின்டெட்சுவின் சிறப்பு விரைவு ரயில் சுமார் 35 நிமிடம். கின்டெட்சு நாரா ஸ்டேஷன் மான்கள் திரியும் பூங்காவின் ஓரத்துக்கே வந்துவிடும். ஜேஆர் நாராவில் இறங்கினால் 20 நிமிடம் நடக்க வேண்டும். ஆனால் ஜேஆர் பாஸ் வைத்திருப்பவருக்குக் கின்டெட்சுவில் அது செல்லாது. எது லாபம் என்பது கையில் என்ன டிக்கெட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பீசாவின் சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன் பீசா சான் ரொசோரே, பெரிய ஸ்டேஷனான பீசா சென்ட்ராலே அல்ல. வெனிஸுக்குப் போனால் தீவுக்குள் இருக்கும் வெனேசியா சாந்தா லூச்சியா வரை போக வேண்டும். அதற்கு முன்னால் வரும் மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது. வியன்னாவில் இருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரண்டு பாதைகளில் போகலாம். ஒன்று ஊரின் பிரதான ஸ்டேஷனுக்கு வரும், இன்னொன்று டான்யூப் ஆற்றுக்கு மறுகரையில் உள்ள பெட்ர்சால்காவில் நின்றுவிடும். ஜெர்மனியில் ஃபிராங்ஃபுர்ட் என்ற பெயரில் இரண்டு ஊர்கள்: மைன் ஆற்றங்கரையில் ஒன்று, ஓடர் ஆற்றங்கரையில் போலந்து எல்லையை ஒட்டி மற்றொன்று.

ஊர்ப் பெயரை அந்த நாட்டு மொழியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் ஃபிளாரன்ஸ் என்று இருக்காது, ஃபிரென்ஸே என்றிருக்கும். வியன்னா என்பது வீன், மியூனிக் என்பது முன்ஷென். பெல்ஜியத்தில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே டச்சு மொழிப் பகுதியில் ஓடும்போது லியேஜ் நகரம் லூக் ஆகிவிடும், மோன்ஸ் என்பது பெர்கன் ஆகிவிடும், எல்லைக்கு அப்பால் பிரான்சில் இருக்கும் லில் கூட ரைசல் என்றே எழுதப்பட்டிருக்கும். இரண்டு பெயரும் தெரியாவிட்டால் சரியான ரயிலை விட்டுவிட்டு நின்றுகொண்டிருப்போம்.

கடைசி ரயிலைக் கண்டுபிடிப்பது

அந்த நாட்டு ரயில்வேயின் சொந்தச் செயலியில் தேடுங்கள். பொதுவான வரைபடச் செயலிகள் வழி காட்ட உதவும், ஆனால் பாதை வேலை, ரத்து, பிளாட்பார மாற்றம் எல்லாம் ரயில்வே செயலியில்தான் முதலில் வரும். ஐரோப்பாவுக்குள் என்றால் ஜெர்மன் ரயில்வேயின் செயலியில் பல நாட்டு நேர அட்டவணையையும் பார்க்கலாம். டிக்கெட் அங்கே கிடைக்காமல் போனாலும் நேரம் தெரிந்துவிடும்.

தேடும்போது இப்படிச் செய்யுங்கள்:

1. போகப்போகும் அதே தேதியைப் போடுங்கள். "சும்மா ஒரு நாள்" போட்டுப் பார்த்த நேரம் ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் பொருந்தாது. ஐரோப்பாவில் அட்டவணை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை முடிந்து வரும் ஞாயிறு மாறும், ஜூனில் சிறு மாற்றங்கள் வரும். இந்தத் தேதிகளைத் தாண்டிப் போகிறீர்கள் என்றால் முன்பு எடுத்து வைத்த நேரங்களை மறுபடி சரிபாருங்கள்.

2. திரும்பும் திசையில், இரவு 8 மணி தொடங்கி நள்ளிரவு தாண்டும் வரை எல்லா ரயில்களையும் விரித்துப் பாருங்கள். கடைசி நேர்வழி ரயில் எது, மாறிப் போகிற கடைசி ரயில் எது என்று தனித்தனியாகக் குறியுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் ரயில் மறுநாள் தேதியில் இருக்கும், அதையும் பாருங்கள். சில முடிவுகளில் பயண நேரம் திடீரென்று ஆறேழு மணி நேரம் காட்டும். நடுவில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் விடியும் வரை உட்கார வைக்கும் வழி அது. அதை ரயில் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. கடைசி ரயிலை விட்டுவிட்டு, அதற்கு முன் இரண்டாவதைத் திரும்பும் ரயிலாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு ரயில் என்றால், நீங்கள் ஏறப்போவது கடைசி ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முந்தையது. அது ரத்தானால் அடுத்தது, அதுவும் தாமதமானால் கடைசி. கடைசி ரயிலையே நம்பினால் கைவசம் மாற்று எதுவும் இல்லை.

4. தங்கும் நகரத்தில் இறங்கிய பிறகு மெட்ரோவோ பஸ்ஸோ எத்தனை மணி வரை ஓடுகிறது என்றும் பாருங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜப்பானின் பெரிய நகரங்களில்கூட நகர ரயில்கள் நள்ளிரவையொட்டி நின்றுவிடும், டாக்சி விலை கையைக் கடிக்கும்.

ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் அச்சு அட்டவணையும் உதவும். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. தெரியாமல் வெள்ளைத் தாளைப் பார்த்து ரயில் பிடிக்கப் போகிறவர்கள் உண்டு. ரயில் நேரத்துக்குப் பக்கத்தில் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல்கள் இருந்தால் வேலை நாட்களில் மட்டும் ஓடும். சனிக்கிழமை அதில் சேருமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், கீழே உள்ள விளக்கத்தைப் பார்த்துவிடுங்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஐரோப்பாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும், அந்த வார இறுதியில் கைக்கடிகாரத்தை நம்ப வேண்டாம்.

மாற எவ்வளவு நேரம் விடுவது

இதற்கு நாட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். சுவிட்சர்லாந்தில் 1982-இல் நாடு முழுக்க ஒரே ஒழுங்கில், மணிக்கு மணி அதே நிமிடத்தில் ரயில் வரும்படி அட்டவணை அமைத்தார்கள். ஒன்று வந்து நிற்கும்போது மற்றது காத்திருக்கும், அதனால் ஐந்து நிமிட மாற்றம் அங்கே சாதாரணம், பெரும்பாலும் கிடைத்தும்விடும். அதே ஐந்து நிமிடத்தை ஜெர்மனியின் நெடுந்தூர ரயிலை நம்பி வைக்காதீர்கள்: 2024-இல் அவற்றில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை "நேரத்துக்கு" என்று கணக்கிட்டு. அங்கே குறைந்தது 15 நிமிடம், மணிக்கு ஒரு ரயில்தான் என்றால் 20 நிமிடம் விடுங்கள். நடக்க முடியாதவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட இருந்தால் இதற்கு மேல் பத்து நிமிடம். லிஃப்ட் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில்தான் இருக்கும்.

கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம்

மியூனிக்கில் இருந்து நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஒரு வார நாளில் போகிறோம். ரயில் ஃப்யூஸன் வரை, சுமார் இரண்டு மணி நேரம், ஏறக்குறைய மணிக்கு ஒன்று. சில ரயில் நேராகப் போகும், சிலவற்றில் நடுவில் மாற வேண்டும். ஸ்டேஷன் வாசலில் இருந்து கோட்டை அடிவார ஊரான ஹோயன்ஷ்வாங்காவுக்குப் பஸ், பத்து நிமிடம் போல. அடிவாரத்தில் இருந்து கோட்டைக்கு ஏற்றத்தில் நடக்க 30 முதல் 40 நிமிடம். உள்ளே தனியாகச் சுற்ற முடியாது, குறித்த நேரத்துக் குழுவோடுதான் போக வேண்டும். அந்த நேரத்துக்கு வாசலில் இல்லாவிட்டால் நுழைவுச்சீட்டு வீண்.

இனிப் பின்னாலிருந்து வருவோம். மாலை ஆறு மணிவாக்கில் ஃப்யூஸனில் ரயில் ஏறினால் எட்டு மணிவாக்கில் மியூனிக். அதற்குப் பிறகும் ரயில்கள் இருப்பதால் பதற்றம் இல்லை. ஆறு மணிக்கு ஸ்டேஷனில் நிற்க, ஐந்தேகாலுக்கே அடிவாரத்தில் பஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதே ரயிலைப் பிடிக்கத்தான் இறங்குவார்கள், முதல் பஸ் நிரம்பிவிடும். கோட்டைக்குள் சுற்றுவது அரை மணி நேரம். மேலே பாலத்தில் இருந்து கோட்டையைப் பார்க்க, சாப்பிட, இறங்க என்று மூன்று மணி நேரம் வையுங்கள். அப்படியானால் உள்ளே நுழையும் நேரம் ஒரு மணிக்கு இருக்கலாம். ஒரு மணிக்கு மேலே நிற்க, பன்னிரண்டே காலுக்காவது அடிவாரத்தில் நடக்கத் தொடங்க வேண்டும். ஃப்யூஸனுக்குப் பதினொன்றரையோடு வந்து சேர வேண்டும். மியூனிக்கில் ஒன்பது, ஒன்பதரைக்குக் கிளம்பும் ரயில் சரி.

இப்போது டிக்கெட். பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் முழுக்க உள்ளூர் ரயில்களில் போய் வர பயர்ன் டிக்கெட் உண்டு, ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் சேரலாம், ஃப்யூஸன் பஸ்ஸுக்கும் செல்லும். ஆனால் வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் அது தொடங்கும். சனி ஞாயிறு, விடுமுறை நாட்களில் நள்ளிரவில் இருந்தே செல்லும். எட்டரை ரயிலில் இந்த டிக்கெட்டோடு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம் என்றே கொள்வார்கள். நுழைவு நேரத்தை முதலில் பதினொன்றுக்கு எடுத்துவிட்டுப் பிறகு இந்த டிக்கெட்டை வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் டிக்கெட் கடைசி.

டிக்கெட் வகைகள்

நாடு எதுவானாலும் டிக்கெட்டுகள் மூன்று விதமாகத்தான் வரும்.

முதலாவது, குறித்த ரயிலுக்கு, குறித்த இருக்கைக்கு. பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் ஆவே, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா போன்ற அதிவேக ரயில்கள் எல்லாம் இப்படி. முன்கூட்டி வாங்கினால் மலிவு, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், மலிவான டிக்கெட்டில் வேறு ரயிலுக்கு மாற முடியாது அல்லது காசு கட்ட வேண்டும்.

இரண்டாவது, குறித்த தடத்தில் அன்று ஓடும் உள்ளூர் ரயில் எதிலும் ஏறலாம் என்கிற டிக்கெட். இதற்குப் பெரும்பாலும் விலை நிலையானது, முந்தைய நாளே வாங்கினாலும் அன்று காலை வாங்கினாலும் ஒன்றுதான். அதனால் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. மழை வருமா என்று பார்த்துவிட்டுக் காலையில் வாங்கலாம். ஒரு நாள் பயணத்துக்கு இதுதான் உகந்தது.

மூன்றாவது, பாஸ். இதற்குக் கூட்டல் கழித்தல் போடாமல் காசைக் கொடுக்காதீர்கள். ஜப்பான் முழுவதற்குமான ஏழு நாள் சாதாரண ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னில் இருந்து 50,000 யென்னாக ஏறியது. டோக்கியோ–கியோட்டோ புல்லட் ரயிலில் போக வர சுமார் 28,000 யென்தான். அதற்கு மேல் ஓரிரு சின்னப் பயணம் என்றால் பாஸ் நஷ்டம். ஜெர்மனியின் டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதச் சந்தா, ஒரே ஒரு நாளுக்கு வாங்குவது வீண். வாங்கினால் ரத்து செய்யும் தேதியையும் நினைவில் வைக்க வேண்டும்.

அதிவேக ரயிலில்தான் போயாக வேண்டும் என்றால் எங்கள் யோசனை இது: போகும் வழிக்கு மலிவான, மாற்ற முடியாத டிக்கெட், திரும்பும் வழிக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுத்து மாற்றக்கூடிய டிக்கெட். காலையில் நாம் கிளம்பும் நேரம் நம் கையில் இருக்கிறது. மாலையில் கால் வலித்துச் சீக்கிரம் திரும்பத் தோன்றலாம், அல்லது ஊர் பிடித்துப்போய் இன்னும் இருக்கத் தோன்றலாம்.

பிரிட்டனில் நெரிசல் இல்லா நேரத்துக்கான ஆஃப்-பீக் ஒரு நாள் ரிட்டர்ன் டிக்கெட்டைப் பாருங்கள். பல தடங்களில் ஒரு வழி டிக்கெட்டைவிடச் சில பென்னிகள்தான் அதிகம். வார நாட்களில் பெரும்பாலும் காலை ஒன்பதரையை ஒட்டித் தொடங்கும், வார இறுதியில் நாள் முழுக்கச் செல்லும். சில தடங்களில் மாலை நெரிசல் நேரத்திலும் தடை உண்டு என்பதால் வாங்கும் முன் கட்டுப்பாட்டைப் படியுங்கள்.

வாங்கியதோடு முடியாது

இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்கான காகித டிக்கெட்டை ஏறும் முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் செருகி நேரம் குத்த வேண்டும். காரணம் எளிது: அந்த டிக்கெட்டில் ரயில் எண் இல்லை, குத்தாவிட்டால் அதையே இன்னொரு ரயிலிலும் காட்டலாம். குத்திய பிறகு நாலு மணி நேரம் செல்லும். செயலியில் வாங்கிய உள்ளூர் டிக்கெட்டுக்கும் ஏறும் முன் ஆன்லைனில் செக்-இன் அழுத்த வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் அபராதம் கட்டும் இடங்களில் இது முக்கியமானது, தெரியாது என்று சொன்னால் பரிசோதகர் விடமாட்டார். இயந்திரம் பழுது என்றால் டிக்கெட்டிலேயே தேதி, நேரம், ஸ்டேஷன் பெயரைப் பேனாவால் எழுதி, ஏறியதும் நீங்களாகவே பரிசோதகரைத் தேடிச் சொல்லுங்கள்.

நெதர்லாந்தில் வங்கி அட்டையையே தட்டி ரயிலேறலாம். ஏறும் முன் ஒரு தட்டு, இறங்கிய பின் ஒரு தட்டு. இரண்டாவது தட்டை மறந்தால் போன தூரத்துக்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். கையில் இருக்கும் அட்டையும் போனுக்குள் இருக்கும் அதே அட்டையும் இயந்திரத்துக்கு வேறு வேறு. எதில் தட்டி உள்ளே போனீர்களோ அதிலேயே தட்டி வெளியே வாருங்கள். வழியில் வேறு நிறுவனத்தின் ரயிலுக்கு மாறினால் அங்கேயும் ஒரு முறை தட்டி முடித்து, மறுபடி தட்டித் தொடங்க வேண்டும்.

பயர்ன் டிக்கெட்டில் பயணிகளின் பெயர் எழுதியிருக்க வேண்டும். ஜப்பானில் காகித டிக்கெட்டை வெளியேறும் கதவு வரை தொலைக்கக் கூடாது. சுயிகா போன்ற தட்டும் அட்டை ஒரு வட்டாரத்தில் தொடங்கி இன்னொரு வட்டாரத்தில் முடியும் நெடும் பயணத்துக்குச் செல்லாது. சீனாவில் டிக்கெட்டே பாஸ்போர்ட் பெயரில்தான்; பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டு வந்தால் உள்ளேயே விடமாட்டார்கள்.

ஸ்டேஷனில்

எவ்வளவு முன்னால் போவது? சாதாரண உள்ளூர் ரயிலுக்குப் பெரிய ஸ்டேஷனில் 15 நிமிடம் போதும். பிரான்சின் டிஜிவி கதவு புறப்பாட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பே அடைபடும். ஸ்பெயினின் அதிவேக ரயிலுக்குப் பைகளை ஸ்கேனரில் விட வேண்டும், அரை மணி முன்னால் போங்கள். சீனாவில் பாதுகாப்புச் சோதனை, பிறகு டிக்கெட் கதவு, அந்தக் கதவும் ரயில் கிளம்பச் சில நிமிடம் முன்பே மூடும். அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குவது தப்பில்லை.

போர்டில் நம் ஊர்ப் பெயர் இருக்காது என்பதைத்தான் முதல் முறை போகிறவர்கள் எதிர்பார்ப்பதில்லை. அங்கே ரயில் போய் நிற்கும் கடைசி ஊர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். லண்டன் பேடிங்டனில் பாத் போக, பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் ரயிலைத் தேட வேண்டும். பிரஸ்ஸல்ஸில் இருந்து புருஜ் போக, ஓஸ்டென்ட் ரயிலில் ஏற வேண்டும். அதனால் முந்தைய இரவே மூன்றை எழுதி வையுங்கள்: ரயில் எண், புறப்படும் நேரம், ரயிலின் கடைசி ஊர். பிளாட்பாரம் எண்ணை எழுத வேண்டாம், அது மாறும். பிரான்சிலும் இத்தாலியிலும் கடைசி இருபது நிமிடத்தில்தான் உறுதியாகத் தெரியும்.

அடுத்தது பெட்டி. சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும். மியூனிக்கில் இருந்து தெற்கே மலை ஏரிகளுக்குப் போகும் ரயில் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் பிரிந்து ஒரு பகுதி பைரிஷ்ட்செல்லுக்குப் போகும். மீதி, ஷாஃப்ட்லாஹ்வில் மறுபடி பிரிந்து லெங்க்ரீஸுக்கும் டேகர்ன்ஸேக்கும் போகும். ஒரே பிளாட்பாரம், ஒரே நேரம், மூன்று ஊர். சரியான ரயிலில் தவறான பெட்டியில் ஏறியவருக்கு, ஊர் தப்பிய பிறகே விஷயம் தெரியும். பெட்டியின் வெளிப்பக்கத்திலும் கதவுக்கு மேலேயும் உள்ள பலகையில் அந்தப் பெட்டி போகும் ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள். உள்ளே போனதும் பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி, விரலால் பெட்டியைக் காட்டினால் போதும், மொழி தேவையில்லை.

நீண்ட பிளாட்பாரங்களில் ஏ, பி, சி என்று எழுத்து தொங்கும். எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று திரையில் வரும். ரயில் குட்டையாக இருந்து நாம் கோடியில் நின்றால் ஓட வேண்டியிருக்கும்.

இறங்கியதும் ஊருக்குள் ஓடாமல் இரண்டு நிமிடம் அங்கேயே நில்லுங்கள். திரும்பும் ரயில் எந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் வரும், கழிப்பறை எங்கே, அதற்குச் சில்லறை வேண்டுமா, பொருள் வைக்கும் லாக்கர் உண்டா, அது எத்தனை மணிக்கு மூடும் என்று பார்த்துவிடுங்கள். வாசலில் ஒட்டியிருக்கும் புறப்பாட்டு அட்டவணையை ஒரு போட்டோ எடுங்கள். நெட் இல்லாத இடத்தில், செயலி சுற்றிக்கொண்டே இருக்கும்போது அந்தப் போட்டோதான் கைகொடுக்கும். டிக்கெட்டின் கியூஆர் குறியையும் அப்படியே படமாகச் சேமித்து வையுங்கள், பவர் பேங்க் பையில் இருக்கட்டும். போன் அணைந்துபோனால் டிக்கெட் இல்லாதவர் கணக்குத்தான்.

எல்லை தாண்டும்போது

வியன்னா–பிராட்டிஸ்லாவா போன்ற பயணத்தில் இரண்டு நாடும் ஷெங்கன் பகுதிக்குள்தான் (ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), இரண்டிலும் யூரோதான். ஆனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், ரயிலில் போலீஸ் கேட்கலாம். பாரிஸில் இருந்து லண்டனுக்கு யூரோஸ்டாரில் போய் வருவது முற்றிலும் வேறு கதை. அது ஷெங்கனை விட்டு வெளியேறுவது. பிரிட்டன் நுழைவு அனுமதி தனியாக வேண்டும். ஒரே முறை நுழையும் ஷெங்கன் விசா என்றால், லண்டன் போனதோடு அது முடிந்துவிட்டது, மாலையில் பாரிஸுக்குத் திரும்ப முடியாது. விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தைப் படிக்காமல் இந்த டிக்கெட்டை வாங்கவே கூடாது. இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் கிளம்பும் ஸ்டேஷனிலேயே நடக்கும், சாதாரண டிக்கெட்டுக்குப் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பே நுழைவு மூடும்.

பிசகினால்

வேலைநிறுத்தம்: முந்தைய இரவே ரயில்வே செயலியில் பாருங்கள். இத்தாலியில் வார நாள் வேலைநிறுத்தத்தின்போதும் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் அத்தியாவசியச் சேவை உறுதி. அந்த இரண்டு இடைவெளிக்குள் போய் வர முடியுமானால் கிளம்பலாம். முடியாது என்றால் பயணத்தை வேறொரு நாளுக்கு மாற்றுங்கள்.

தாமதத்தால் இணைப்பு ரயில் போய்விட்டால், எல்லாம் ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா என்பதுதான் கேள்வி. ஒரே டிக்கெட் என்றால் அடுத்த ரயிலில் அனுப்பிவைப்பது அவர்கள் பொறுப்பு. சில்லறை மிச்சம் பிடிக்க இரண்டு டிக்கெட்டாக உடைத்து வாங்கியிருந்தால், இரண்டாவது ரயிலைத் தவறவிட்டது நம் பாடு என்று சொல்லிவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, போய்ச் சேருவது ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை தாமதமானால் டிக்கெட் விலையில் கால் பங்கு, இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் என்றால் பாதி திரும்பக் கிடைக்கும். கடும் புயல் போன்ற அசாதாரணக் காரணம் என்றால் கிடையாது. ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் அந்த விலக்கில் வராது. நாலு யூரோ வரையிலான சின்னத் தொகையைத் தராமல் விட நிறுவனத்துக்கு உரிமை உண்டு, சில நாடுகள் உள்ளூர் ரயில்களுக்கு விலக்கும் வைத்திருக்கின்றன. ஆகவே மலிவான டிக்கெட்டுக்கு இதை எதிர்பார்க்க வேண்டாம். போகும்போதே ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம். ஒரு நாள் பயணத்தில் இது பெரிய வசதி: பாதி நாள் போன பிறகு ஊருக்குப் போவதைவிட, தங்கியிருக்கும் நகரத்திலேயே அந்த நாளைச் செலவிடலாம்.

கடைசி ரயிலே ரத்தானால் உடனே டாக்சி பிடிக்காதீர்கள். முதலில் ஸ்டேஷன் ஊழியரிடம் போங்கள். அவர் இல்லாவிட்டால் பிளாட்பாரத்தில் உள்ள உதவிப் பொத்தானை அழுத்துங்கள், நிறுவனத்தின் எண்ணுக்கு அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அன்று இரவு பயணத்தைத் தொடர முடியாத நிலை வந்தால், நடைமுறையில் முடிகிற இடத்தில் தங்க இடம் ஏற்பாடு செய்வது ரயில் நிறுவனத்தின் கடமை. அவர்கள் சொல்லும் முன் நாமாகச் செலவு செய்தால் அந்தப் பணத்தை வாங்குவது கடினம். ரத்தானதற்கு எழுத்தில் ஓர் அத்தாட்சி கேட்டு வாங்குங்கள், அறிவிப்புத் திரையை நேரத்தோடு போட்டோ எடுங்கள், டிக்கெட்டையும் ரசீதுகளையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். அதே ரயிலுக்கு நிற்கும் மற்றவர்களையும் கேளுங்கள். ஊழியர் யாரும் கிடைக்காமல் டாக்சிதான் வழி என்றானால், நாலு பேர் சேர்ந்து போகும்போது ஒருவர் பங்கு கால்வாசிதான்.